மறியலுக்கென்றே வந்தவள்

என் காதில் யாரும் பிழை பிடித்ததில்லை. தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். இருபத்தாறு வருடமாக நீதவான் நீதிமன்றங்களில் உரைபெயர்ப்பாளராக நிற்கிறேன். ஒருவர் தமிழில் சொல்வதைச் சிங்களத்திலும், நீதவான் சிங்களத்தில் சொல்வதைத் தமிழிலும் நின்ற நிற்பில் சொல்ல வேண்டும். அகராதி புரட்ட நேரம் கிடையாது. பழைய ஆட்கள் இந்த உத்தியோகத்தில் இருப்பவரை முதலியார் என்பார்கள். ஒரு பெண்ணை எப்படி அப்படிக் கூப்பிடுவது என்று தடுமாறிச் சிலர் என்னை 'முதலியார் மிஸ்' என்பார்கள். எனக்கு அது பிடிக்கும் என்பதை யாரிடமும் சொன்னதில்லை.

நான் கண்டி மஹய்யாவையில் பிறந்தவள். சுவருக்கு அந்தப்பக்கம் சிங்களத்திலும் இந்தப்பக்கம் தமிழிலும் சண்டை நடக்கும் வரிசை வீட்டில் வளர்ந்த காது இது. யாழ்ப்பாணத்துக்காரரின் 'ஓம்', தேயிலைத் தோட்டத்து ஆட்களின் 'ஆமாங்க', அலவத்துகொடைப் பக்கத்து முஸ்லிம் கடைக்காரரின் 'வாப்பா', 'உம்மா' எதுவும் எனக்குப் புதிதல்ல. இளம் சட்டத்தரணிகள் தங்கள் சொந்தச் சாட்சி என்ன சொன்னார் என்பதையே என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டுக்கொள்வார்கள். அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு சொல்லில் விழுந்தேன். அதுவும் பிறந்ததிலிருந்து எனக்குத் தெரிந்த ஒரு சொல்லில்.

அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெருந்தெருவை வேண்டுமென்றே மறிப்பவர்களுக்குத் தண்டனை வேண்டும் என்ற கட்சி நான். இன்றைக்கும் அதே கட்சிதான். யாரோ ஒருவருடைய நியாயத்துக்காகப் பரீட்சைக்குப் போகிற பிள்ளையும், கிளினிக்குக்குப் போகிற நோயாளியும் நடுத்தெருவில் கிடந்து வேக வேண்டும் என்று எந்த ஊரிலும் சட்டமில்லை. இந்தக் குற்றச்சாட்டை நான் எத்தனையோ பேருக்கு வாசித்துச் சொல்லியிருக்கிறேன். ஒருதடவைகூட என் குரல் தளரவில்லை.

அந்தத் திங்கட்கிழமை நான் கெலிஓயாவில் அக்கா வீட்டிலிருந்து கண்டிக்குப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அங்கே தங்கினால் திங்கள் காலையில் நேராக வேலைக்கு வந்துவிடுவது வழக்கம். கலஹா சந்திக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் நின்றது. முன்னால் லொறி, வேன், ஓட்டோ என்று எல்லாம் நின்றன. கால் மணித்தியாலம் போனது. அரை மணித்தியாலம் போனது. டிரைவர் என்ஜினை நிறுத்திவிட்டு வெற்றிலை மடிக்கத் தொடங்கினார். அப்போதுதான் இது சும்மா நெரிசல் இல்லை என்று எனக்கு விளங்கியது.

நான் முன் சீட்டில் ஜன்னலோரம். தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். நடுத்தெருவில் குறுக்காக ஒரு நீள மரவாங்கு. ஐந்தாறு பேர் நெருக்கி உட்காரலாம். உண்மையிலேயே ஐந்தாறு பெண்கள் அதில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் வெள்ளை உடுப்போடு பள்ளிப் பிள்ளைகள், ஸ்வெட்டர் போட்ட ஆண்கள், கையில் எழுதிய மட்டைகள். விசாரித்ததில் கண்டக்டர் சொன்னார், கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டத்து ஆட்களாம். மாதக்கணக்காக அவர்களுடைய பாதைக்குக் காலை பஸ் வருவதில்லையாம். மனு எழுதி எழுதிக் களைத்துப்போய், பஸ் வராத தரிப்பிடத்துக்கு வாங்கு எதற்கு என்று அதைக் கழற்றி, மரக்கறி லொறியில் ஏற்றிக்கொண்டுவந்து, பஸ் போகிற தெருவிலேயே போட்டுவிட்டார்களாம். கண்டக்டருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்பதரைக்கு நான் நீதிமன்றத்தில் நிற்க வேண்டும்.

நடுவில் ஓர் அம்புலன்ஸ் வந்தது. இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது மதிக்கத்தக்க ஒரு பிள்ளை, "தூக்குங்க, தூக்குங்க" என்று சத்தம் போட்டாள். பெண்கள் எழுந்து வாங்கைத் தூக்கி ஓரமாகத் திருப்பினார்கள். அம்புலன்ஸ் போனதும் மறுபடி கொண்டுவந்து அதே இடத்தில் வைத்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. தூக்க முடிகிற வாங்கைத் தூக்கி வைத்திருந்தால் நாங்களும் போயிருப்போமே. அந்தப் பிள்ளை மட்டையோடு எங்கள் பஸ் பக்கமாக நடந்து வந்தபோது ஜன்னலால் கத்தினேன்.

"ஒங்களையெல்லாம் புடிச்சி மறியல்ல வைக்கணும்!"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபப்படவில்லை. மரியாதையாகவே சொன்னாள்.

"மறியல்லதாங்க மிஸ் இருக்கோம்."

பஸ்ஸில் ரெண்டு பேர் சிரித்தார்கள். என்ன வாய் பார் என்று நினைத்துக்கொண்டேன். இலங்கைத் தமிழில் மறியல் என்றால் சிறை. மறியல்காரன் என்றால் கைதி. வழக்கு முடியும்வரை அடைத்துவைக்கும் விளக்கமறியல் என்ற சொல்லை ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது நான் உச்சரிக்கிறேன். தோட்டத்தில் இருப்பதும் ஜெயிலில் இருப்பதும் ஒன்றுதான் என்று எனக்கே பாடம் எடுக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். பொலிஸ் வந்து வாங்கையும் பதினொரு பேரையும் ஏற்றிக்கொண்டு போன பிறகுதான் தெரு திறந்தது. நான் வேலைக்குப் பிந்தினேன். என் உத்தியோக காலத்தில் பிந்தியது மூன்று தடவைதான், அதில் இது ஒன்று.

சில வாரங்களுக்குப் பிறகு அந்த வழக்கு நான் வேலை செய்த மன்றுக்கே வந்தது. காலையில் வந்தபோது தாழ்வாரத்தில் அந்த வாங்கு கிடந்தது, வழக்குப் பொருள் என்று துண்டு கட்டி. வேறு வழக்குகளுக்கு வந்த ஆட்கள் அதில் வசதியாக உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டிருந்தார்கள். நான்தான் எழுப்பிவிட்டேன்.

பதினொரு பேரில் அந்தப் பிள்ளையும் இருந்தாள். நீல நிறச் சேலை, இழுத்துப் பின்னிய தலை. அவள் என்னை அடையாளம் கண்டதாகத் தெரியவில்லை. நான் கண்டேன். அன்றைக்கு அந்தப் பஸ்ஸில் நானும் இருந்தேன் என்று நீதவான் ஐயாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பஸ் நிறைய ஆட்கள் இருந்தார்களே, அதில் நானும் ஒருத்தி, அவ்வளவுதானே என்று விட்டுவிட்டேன். அன்று வேறு உரைபெயர்ப்பாளரும் இல்லை.

குற்றச்சாட்டை வாசித்தேன். பிரதான வீதியில் வேண்டுமென்றே தடை ஏற்படுத்திப் போக்குவரத்தைத் தடுத்தமை. குற்றம் நிரூபணமானால் சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும். குற்றவாளியா சுத்தவாளியா என்று கேட்டேன். எல்லோரும் குற்றவாளி என்றார்கள். அவர்களுடைய சட்டத்தரணி அப்படிச் சொல்லச் சொல்லியிருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியில் தொழில் பழகும் இளைஞர். கெட்டிக்காரர், ஆனால் அவசரக்காரர். எழுந்து கருணை கேட்டார். இவர்களுக்கு முன்குற்றம் எதுவும் இல்லை, பஸ்ஸுக்கு அலைந்த ஏழை மக்கள் என்றார். பிறகு அந்தப் பிள்ளையைக் காட்டினார். கல்வியியல் கல்லூரி முடித்து ஆசிரியர் நியமனத்துக்குத் தெரிவாகியிருக்கிறாள், அவளுடைய தோட்டத்திலிருந்து இந்த அளவுக்கு வந்த முதல் பிள்ளை, நியமனப் படிவத்தில் நீதிமன்றத்தால் குற்றவாளியாகக் காணப்பட்டதுண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது, இன்று தீர்ப்புப் பதியப்பட்டால் அந்த வேலை போய்விடும் என்றார். குற்றத்தீர்ப்புப் பதியாமல் எச்சரித்து விடுவிக்க நீதவானுக்கு அதிகாரம் உண்டு. அதைத்தான் அவர் கேட்டார்.

எங்கள் நீதவான் கண்டிப்பானவர். ஆனால் நல்ல மனுஷன். ஒவ்வொருவரிடமும் அன்று ஏன் அங்கே வந்தீர்கள் என்று கேட்டார். முதலாவது பெண், "பஸ்ஸுக்கு வந்தேங்க ஐயா" என்றாள்.

"வாங்கையும் தூக்கிக்கொண்டா?" என்றார் நீதவான்.

மன்றில் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் கொஞ்சம் சிரித்தார். மீதி ஒன்பது பேரும் அதையேதான் சொன்னார்கள், பஸ்ஸுக்கு வந்தோம், பஸ்ஸுக்கு வந்தோம். சட்டத்தரணி சொல்லிக்கொடுத்தது என்று எனக்கும் தெரியும், ஐயாவுக்கும் தெரியும். பேனாவைக் கையில் எடுத்துவிட்டார். எல்லோரையும் எச்சரித்து அனுப்பத்தான் போகிறார். கடைசியாக அந்தப் பிள்ளை.

"நான் பொய் சொல்லமாட்டேங்க ஐயா. நான் மறியலுக்குன்னேதான் வந்தேன். எல்லாரையும் கூப்புட்டதும் நான்தான்."

நான் யோசிக்கவே இல்லை. ஹிரே யன்னமய் ஆவே, சிறைக்குப் போகவென்றே வந்தேன், எல்லோரையும் அழைத்ததும் நான்தான் என்று அவள் சொன்ன அதே திடத்தோடு சிங்களத்தில் சொன்னேன். திடத்தில் கொஞ்சம் என்னுடையதும் இருந்திருக்கும்.

நீதவான் பேனாவைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். சட்டத்தரணி தலையில் கையை வைத்துக்கொண்டார். யாழ்ப்பாணத்தார் காதுக்கும் மறியல் என்றால் சிறைதான். வாசலில் நின்ற அலவத்துகொடைக் கான்ஸ்டபிள்கூட நாக்கைக் கடித்தார். மன்றில் வேலை செய்யும் தமிழ் தெரிந்த எல்லோருக்கும் ஒரே மாதிரித்தான் கேட்டிருக்கிறது.

"மற்றப் பத்துப் பேரும் எச்சரிக்கப்பட்டு விடுவிக்கப்படுகிறார்கள்" என்றார் நீதவான். "இவருடைய விஷயம் தேநீர் இடைவேளைக்குப் பிறகு. சிறைக்கென்றே வந்தவரை நீதிமன்றம் தடுக்கத் தேவையில்லை."

நான் அவளிடம் திரும்பிச் சொன்னேன். "மறியலுக்கென்றே வந்தவரை நீதிமன்றம் தடுக்கத் தேவையில்லை என்று ஐயா சொல்கிறார்."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு கையையும் கூப்பினாள். "ரொம்ப நன்றிங்க ஐயா" என்றாள்.

அதையும் மொழிபெயர்த்தேன். நீதவானுக்குக் காது சிவந்தது. எழுந்து உள்ளே போய்விட்டார். கொழுப்பைப் பார் என்று நினைத்துக்கொண்டு நான் எதிர்ப்பக்கத் தேத்தண்ணிக் கடைக்குப் போனேன். அவளுக்குச் சிறை கிடைக்கப் போகிறது என்பதில் எனக்கு வருத்தமில்லை. இதை மறைக்காமல் எழுதத்தான் வேண்டும்.

அந்தக் கடையில் நாள் முழுவதும் ஏதாவது தமிழ்நாட்டுச் செய்திச் சேனல் ஓடிக்கொண்டிருக்கும். நான் பிளேன் டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன். செய்தி வாசிக்கும் பெண் வழக்கமான குரலில் சொன்னாள், குடிநீர் கேட்டுப் பொதுமக்கள் சாலை மறியல், போக்குவரத்துப் பாதிப்பு. ஏதோ ஓர் ஊர். பெண்கள் காலிக் குடங்களோடு தார் ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

சாலை மறியல். இந்தச் சொல் எனக்குத் தெரியாததா? வீட்டில் இதே சேனலை இரவுச் சாப்பாட்டோடு பார்க்கிறவள்தானே நான். ஆயிரம் தடவை கேட்ட சொல். தெருவை மறிப்பதும் மறியல்தான். ஆனால் நீதிமன்றப் படி ஏறியதும் என் காது வேறு ஆளாகிவிடுகிறது, அங்கே அந்தச் சொல்லுக்கு இரும்புக் கம்பி போட்ட ஓர் அர்த்தம் மட்டும்தான். எங்கள் மலைநாட்டுப் பிள்ளைகளோ அந்தச் சேனல்களைப் பார்த்து வளர்ந்தவர்கள். பஸ் ஜன்னலுக்குக் கீழே நின்று அவள் சொன்னது ஞாபகம் வந்தது. மறியல்லதாங்க இருக்கோம். அதில் நக்கலும் இல்லை, பாடமும் இல்லை. மறியலில் வைக்க வேண்டும் என்று யாரோ ஒரு பெரிய மனுஷி சத்தம் போடுகிறாள், நாங்கள் மறியலில்தானே இருக்கிறோம் என்று அவள் விளங்காமல் பதில் சொல்லியிருக்கிறாள். சற்று முன்னால் நன்றி சொன்னதும் அதனால்தான். மறியல் செய்ததை நீதிமன்றம் தடுக்காது என்று நானே அவளிடம் சொல்லிவிட்டேன்.

தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினேன். நான் ஓடியதைப் பார்த்தவர்கள் குறைவு.

சட்டத்தரணி தாழ்வாரத்தில் நின்றார். அவரையும் இழுத்துக்கொண்டு குற்றஞ்சாட்டப்பட்டவர் நிற்கும் கூட்டுக்குப் பக்கத்தில் போனேன். அந்தப் பிள்ளை பெண் கான்ஸ்டபிளோடு நின்றுகொண்டிருந்தாள்.

"இங்க பாரு பிள்ள. மறியலுக்குன்னு வந்தேன்னு சொன்னியே. எங்க போக வந்த?"

"எங்கயும் போகலீங்களே மிஸ். ரோட்டுலதானே ஒக்காந்தோம்."

"ஜெயிலுக்குப் போகணும்னு வந்தியா?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, இல்லீங்க மிஸ். யாரு அப்படிச் சொன்னா?"

நான்தான் சொன்னேன் என்று அப்போது சொல்ல வாய் வரவில்லை. சட்டத்தரணி என்னைத் தனியே அழைத்தார்.

"மிஸ், இது இன்னும் மோசம். ஜெயிலுக்குப் போக வந்தன் எண்டால் பயத்தில உளறின விசர்க்கதை எண்டு சொல்லிச் சமாளிக்கலாம். றோட்டை மறிக்கவெண்டே வந்தன், ஆக்களைச் சேர்த்ததும் நான்தான் எண்டால் அதுதான் முழுக் குற்றச்சாட்டே. விளங்குதோ? வேண்டுமெண்டு செய்ததெண்டு அவவே ஒப்புக்கொள்ளுறா."

விளங்கியது. பிழையாகச் சொன்னால் திமிர். சரியாகச் சொன்னால் குற்றம். இரண்டிலும் அவளுடைய வேலை போகும்.

"நீங்கள் ஒண்டு செய்யுங்கோவன்" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "காதில சரியா விழேல்லை, அவவும் பஸ்ஸுக்கு வந்ததாத்தான் சொன்னவ எண்டு சொல்லிவிடுங்கோ. நீங்கள் சொன்னால் ஐயா மறுபேச்சுப் பேசமாட்டார்."

உண்மை, பேசமாட்டார். என் சொல்லுக்கு அந்த மன்றில் அவ்வளவு பெறுமதி இருந்தது. ஒரு கணம் எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. அவளும் தப்புவாள், என் பிழையும் மூடிக்கொள்ளும்.

"தம்பி, சொன்னதைச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம். கதை எழுத இல்ல."

"அந்தப் பிள்ளையின்ர வாழ்க்கை மிஸ்."

"தெரியும்" என்றேன். என் இடத்தில் போய் நின்றேன்.

நீதவான் வந்து உட்கார்ந்தார். அவர் கோப்பைத் திறப்பதற்கு முன்பே நான் பேச அனுமதி கேட்டேன். உரைபெயர்ப்பாளர் தன் சொந்தப் பேச்சுப் பேசுவது அங்கே வழக்கமில்லை. எழுதுவினைஞர் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஐயா, நான் ஒரு சொல்லைப் பிழையாக மொழிபெயர்த்துவிட்டேன். மறியல் என்பதற்குத் தமிழில் இரண்டு அர்த்தம். ஒன்று சிறை. மற்றது வீதியை மறிப்பது. கூட்டில் நிற்கும் எதிரி சொன்னது இரண்டாவது. நான் சொன்னது முதலாவது. அவர் நன்றி சொன்னதும் என் பிழையால்தான். ஐயா சொன்னதை நான் அதே சொல்லில் அவரிடம் சொன்னேன், அவர் வேறாக விளங்கிக்கொண்டார்."

நீதவான் முழுதாக என் பக்கம் திரும்பினார்.

"இத்தனை வருட அனுபவத்தில் இது எப்படித் தவறியது?"

இப்படிக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் பதில் தயாராக இருந்தது, ஓடிவரும்போதே அது என்னோடு வந்துவிட்டது.

"அன்றைக்கு மறிபட்ட பஸ்ஸில் நானும் இருந்தேன் ஐயா. இவர்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தது. அந்தக் கோபத்தோடுதான் கேட்டேன். காலையிலேயே இதைச் சொல்லியிருக்க வேண்டும்."

என் முகம் எரிந்தது. வெட்கம் என்றால் என்ன என்று அந்த வயதில்தான் எனக்குச் சரியாகத் தெரியவந்தது. நீதவான் இரு தரப்பையும் பார்த்து, இந்த உரைபெயர்ப்பாளர் தொடர்வதில் ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். பொலிஸ் தரப்பு அதிகாரி இல்லை என்றார். சட்டத்தரணி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவரும் இல்லை என்றார்.

"அப்படியானால் சரியாகச் சொல்லுங்கள்."

"பார வஹன்னமய் ஆவே" என்றேன். தெருவை மறிக்கவென்றே வந்தேன். ஒவ்வோர் எழுத்தும் கல்லாக விழுந்தது. "எல்லோரையும் அழைத்ததும் நான்தான்."

எழுதுவினைஞர் பழையதை வெட்டிப் புதியதைத் தட்டினார். நீதவான் அந்தப் பிள்ளையைப் பார்த்தார்.

"மற்றப் பத்துப் பேரும் பஸ்ஸுக்கு வந்ததாகச் சொன்னார்கள். அவர்களை நான் விட்டுவிட்டேன். இவர் மட்டும் ஏன் இப்படிச் சொல்கிறார்? இது குற்றத்தை முழுதாக ஒப்புக்கொள்வது என்று இவருக்குத் தெரியுமா?"

நான் கேட்டேன். இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லையும் அவள் விளங்கிக்கொண்டாளா என்று முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கேட்டேன்.

"தெரியுங்க ஐயா" என்றாள். குரல் சின்னதாகிவிட்டது, ஆனால் நிற்கவில்லை. "பிள்ளைங்களுக்குப் படிச்சிக் குடுக்கப் போறவ நான். பஸ்ஸுக்கு வந்தேன்னு எப்படிங்க சொல்றது? பஸ் வந்திருந்தா நாங்க ஏன் அங்க வரப்போறோம்? எங்க பிள்ளைங்க அரைநாள் நடந்துதான் பள்ளிக்கூடம் போகுதுங்க. பாதிப் பிள்ளைங்க நின்னுடுச்சிங்க. நான் படிச்சிக் குடுக்கப் போனாலும் வகுப்புல யாரு இருப்பா?"

நான் சிங்களத்தில் சொன்னேன். குறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. ஆனால் இருபத்தாறு வருடத்தில் அவ்வளவு கவனமாக நான் பேசியதில்லை. அவளுடைய சின்னக் குரலைக்கூட விடாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று இருந்தது.

நீதவான் பொலிஸ் அறிக்கையைப் புரட்டினார். "அம்புலன்ஸ் வந்தபோது தடையை அகற்றியதாக இதில் இருக்கிறது. அகற்றச் சொன்னது யார்?"

அறிக்கையில் அது எழுதப்படவில்லை. பொலிஸ் அதிகாரிக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். ஆனால் நான் சாட்சி இல்லை, வாயை இறுக மூடிக்கொண்டு நின்றேன். அந்த அரை நிமிடம் எனக்கு எப்படிப் போனதென்று சொல்ல முடியாது. கடைசியில் அவளிடமே கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"நான்தாங்க" என்றாள். "மறுபடி வைக்கச் சொன்னதும் நான்தான்."

சட்டத்தரணி கண்ணை மூடிக்கொண்டார். அந்த இரண்டாவது வசனம் எதற்கு என்று எனக்கும் கத்த வேண்டும்போல இருந்தது. அதையும் மொழிபெயர்த்தேன்.

நீதவான் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். வீதி எல்லோருக்கும் உரியது, அதை வேண்டுமென்றே மறிப்பது சிறிய குற்றமல்ல, நியாயமான கோரிக்கை என்பதற்காக அது குற்றமில்லாமல் போய்விடாது என்றார். எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் சம்மதம். மீண்டும் இதே குற்றத்தில் வந்தால் கட்டாயம் சிறைக்கு அனுப்புவேன் என்றார். நான் சிறை என்ற சொல்லையே போட்டேன். மறியல் பக்கமே போகவில்லை. இனிமேல் தெருவை மறிக்கமாட்டேன் என்று இவர் மன்றுக்கு உறுதி தருகிறாரா என்று கேட்டார்.

ஓம் என்று சொல்லிவிடு பிள்ளை, ஒரே ஒரு சொல் என்று மனதுக்குள் மன்றாடினேன். அவள் யோசித்தாள்.

"பஸ் வந்தா மறிக்கமாட்டேங்க."

'வந்தா' என்பது எவ்வளவு சின்னச் சொல். அதை விழுங்கிவிட்டு மறிக்கமாட்டாராம் என்று சொன்னால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சட்டத்தரணி அதைத்தான் கண்ணால் கெஞ்சினார். நான் நீதவானைப் பார்த்துச் சொன்னேன்.

"பஸ் வந்தால் மறிக்கமாட்டேன் என்கிறார், ஐயா."

நீதவான் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு பொலிஸ் அதிகாரியின் பக்கம் திரும்பினார்.

"பஸ் எப்போது வரும்?"

அதிகாரி கோப்பைப் புரட்டினார். கோப்பில் அது இல்லை. பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். அவர் நிலத்தைப் பார்த்தார். நீதவான் காத்திருந்தார்.

அவர் பேனாவை எடுத்து எழுதினார். குற்றத்தீர்ப்புப் பதியாமல் விடுவிக்கப்படுகிறார். நான் அவளிடம் சொன்னேன். தீர்ப்புப் பதியப்படவில்லை, நீ போகலாம் என்று பச்சைத் தமிழில் இன்னொரு தரமும் சொன்னேன். அவள் நகரவில்லை. என் கையைப் பார்த்தபடி மெதுவாக என்னிடம்தான் கேட்டாள்.

"அப்ப நான் படிச்சிக் குடுக்கலாங்களா?"

"என்ன சொல்கிறார்?" என்றார் நீதவான்.

"இனித் தான் படிப்பிக்கலாமா என்று கேட்கிறார் ஐயா."

"ஓவ்" என்றார்.

சிங்களத்தில் இதைவிடச் சின்னச் சொல் கிடையாது. ஆமாம் என்று நான் திரும்பிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். குரல் வரவில்லை. செருமினேன், அப்போதும் வரவில்லை. ஒருவழியாக நான் வாயைத் திறந்தபோது, அந்த 'ஓவ்' தானாகவே விளங்கி, அவள் கூட்டை விட்டு இறங்கிப் பாதித் தூரம் போய்விட்டாள்.